பேப்பரில் வந்த என் அக்கா

அக்காவைப் பேர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவள் என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். அம்மா கப்பலிலேயே போய்ச் சேர்ந்த பிறகு எனக்குச் சோறு ஊட்டியதும், தலையில் பேன் பார்த்ததும், வாயாடினால் தொடையில் கிள்ளியதும் அவள்தான். அவள் பேர் என் வாயில் வராது. வயதான காலத்தில் கோயில் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட இந்தக் கைக்கும் வரவில்லை. ஆகவே இதில் அவள் அக்கா என்றே வருவாள். மற்றவர்கள் பேரையும் விட்டுவிட்டேன். அவளுக்கு இல்லாத பேர் மற்றவர்களுக்கு எதற்கு?

அப்போது நாங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே ஆட்களுக்கு வரிசையாகக் கட்டியிருந்த லயத்தில் இருந்தோம். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் தண்டவாளக் கேங்கில் வேலை பார்த்ததால் எங்கள் தலைக்கு மேல் கூரை இருந்தது. ஒரே அறை. நடுவில் என் பழைய சேலையைக் கட்டி மறைத்து, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அக்கா. அவள் புருஷன் தோட்டத்துக் காய்ச்சலில் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது.

லயத்தில் யாருக்கு இடுப்பு வலி எடுத்தாலும் அக்காவைத்தான் கூப்பிட வருவார்கள். கையில் அப்படி ஒரு ராசி. ஆனால் வாய் அதற்கு நேர்மாறு. வலியில் கத்துகிறவளைவிட இவள் அதட்டல்தான் வெளியே கேட்கும். அவள் மெதுவாகப் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். சத்தமாகப் பேசினால் ஸ்டேஷனில் நிற்கிற எஞ்சின்காரர் திரும்பிப் பார்ப்பார்.

எனக்கு அப்போது எட்டு மாசம். அதற்கு முன் இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. அக்கா ஊருக்குப் போய்விட்டிருந்த சமயத்தில் பிறந்தவை அவை. இந்தத் தடவை அக்கா பக்கத்தில் இருந்தால் தங்கும் என்று எனக்குள் ஒரு எண்ணம். எண்ணம் என்ன, அதைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுக்கிற மருந்துச் சரக்கைக் கிள்ளானில்தான் வாங்குவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அங்கே அவளுக்குத் தெரிந்த ஒருத்தி வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.

"இங்க பாசார்லயே வாங்கினா என்ன?" என்றேன்.

"இங்க விக்கிற சுக்கு கப்பல்ல இருந்து இறங்கி, கிள்ளான்ல ஒரு தூக்கம் தூங்கி, இங்க வந்து இன்னொரு தூக்கம் தூங்குது. என் தங்கச்சி வயித்துக்குத் தூங்குமூஞ்சி சுக்கா போடுவேன்?"

"எப்ப வருவே?"

"வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறதுக்குள்ள. அதுக்குள்ள பெத்துப் போட்டுறாதடி. நான் இல்லாம பெத்தேன்னு வை, உங்கூட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்."

புதன்கிழமை காலை ரயிலில் போனாள். பின்கொசுவம் வைத்த பச்சைச் சேலை. வலது முன்கையில் பச்சை குத்திய தேள். யாரோடோ சண்டைக்குப் போகிற மாதிரி நடை. ஸ்டேஷன் திருப்பத்தில் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியும்போதே லயத்தில் ஒரு லோரி வந்து நின்றது. ஆண்கள் எல்லாரும் ஏற வேண்டும் என்று உத்தரவு. சுங்கை பூலோவுக்கு அப்பால் காட்டோரத்தில் வண்ணத்துப்பூச்சி பிடிக்கப் போன ஒரு துரைசானி, நாயோடு சேர்ந்து, முதல் நாள் மாலையிலிருந்து காணவில்லையாம். பெரிய உத்தியோகத்தில் இருக்கிற துரையின் பெண்சாதி. எங்கள் கேங்கு மட்டும் இல்லை, கிள்ளான் பாதைக் கேங்குகளையும் அந்தந்த இடத்திலேயே ஏற்றிக்கொண்டார்கள். தோட்டத்து ஆட்கள், ஈயச் சுரங்கத்துச் சீனர்கள், பக்கத்துக் கம்பங்களில் குடியிருந்த மலாய்க்காரர்கள் எல்லாரும் போனார்கள். காட்டில் கைகோர்த்த மாதிரி வரிசையாக நடந்து, மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு தேடினார்களாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. விளக்கு வைத்தேன். அக்கா வரவில்லை.

சனிக்கிழமை வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்தேன். கிள்ளானிலிருந்து வந்த ஒவ்வொரு ரயிலிலும் இறங்கிய ஒவ்வொரு பச்சைச் சேலையையும் பார்த்தேன். துரைசானி சீக்கிரம் கிடைக்கட்டும் முருகா என்று பத்துமலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். அவள் கிடைத்தால்தானே என் வீட்டுக்காரர் வருவார், அக்காவைத் தேடுவார்.

முருகன் கேட்டான். அன்று சாயங்காலம் அவர் வந்தார். காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம்.

"கிடைச்சுடுச்சு. சுரங்கத்துச் சீனனோட கொங்சிக் கொட்டாயில உக்காந்து தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்துச்சு. ஒரு கால்லதான் செருப்பு. எங்களைப் பார்த்ததும் அழுதுச்சு பாவம். நாய்தான் கிடைக்கல" என்றார். அப்புறம், "நம்ம ஆளு ஒருத்தன் பாறையில வழுக்கி விழுந்து காலை ஒடிச்சிக்கிட்டான். நாலு பேரு தூக்கி லோரியில ஏத்தினோம். காய்ச்சல்ல உளறிக்கிட்டே போனான்" என்றார்.

நான் அக்கா வரவில்லை என்று சொன்னேன். சட்டையைக் கழற்றப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

தண்டவாள வேலையில் ஒரு முறை உண்டு. தினமும் காலையில் ஒவ்வொரு கேங்கிலும் ஒருவர் சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆணி கழன்றிருக்கிறதா, கட்டை அசைகிறதா என்று பார்த்தபடி தன் எல்லைக் கல் வரை நடப்பார். எதிர்ப்புறமிருந்து அடுத்த கேங்கு ஆள் வந்து அந்தக் கல்லில் நிற்பார். இருவரும் ஒரு சுருட்டு பிடித்துவிட்டுத் திரும்புவார்கள். கல்யாணம், சாவு, காது குத்து எல்லாம் இப்படித்தான் கல் மாறிக் கல் மாறிப் போய்ச் சேரும். எங்களுக்கு அதுதான் தபால்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பச்சைச் சேலை, முன்கையில் தேள், இடது புருவத்தில் ஒரு வெட்டு, வெற்றிலை வாய், நடந்தால் கோபக்காரி மாதிரி இருக்கும், உள்ளே தங்கம். எங்கள் கேங்கு ஆள் பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார். "உள்ளே தங்கம்" என்பதையும் சொன்னார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. அக்கா கிள்ளான் வீட்டுக்குப் போகவே இல்லை. சரக்குக் கடையில் அவளைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஒரு கேங்கிலிருந்து மட்டும், "கையில தேள் இல்ல, பூரான் குத்தின ஒரு அம்மா இருக்கு, அனுப்பவா?" என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். சிரித்ததற்கு அப்புறம் இன்னும் அழுதேன்.

புதன்கிழமை வீட்டுக்காரர் லீவு சொல்லிவிட்டுத் தானே புறப்பட்டார். கிள்ளானிலிருந்து திரும்பும் வழியில் ஒவ்வொரு சிறிய ஸ்டேஷனிலும் இறங்கி, கேங்கு வீடுகளில் கேட்டுக்கொண்டே வந்தார். எங்கேயும் இல்லை.

"எல்லா வீட்டையும் கேட்டீங்களா?"

"எல்லாந்தான் கேட்டேன். பத்து தீகாவில கம்பத்து ஓரமா ஒரு ஒத்தக் குடிசை. வாசல்ல வேப்பிலை கட்டியிருந்துச்சு. அங்க மட்டும் போகல."

போகக் கூடாதுதான். பிள்ளை பெற்ற தீட்டு வீடு. வீட்டில் எட்டு மாச வயிற்றுக்காரியை வைத்துக்கொண்டு எந்த ஆம்பிளையும் அந்த வாசலை மிதிக்க மாட்டான். தூரத்தில் நின்று இருமிப் பார்த்தாராம், யாரும் வெளியே வரவில்லையாம், வந்துவிட்டாராம். என் பொருட்டுத்தான் வந்தார். அதற்காக அன்றைக்கு அவர் காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

இந்தச் சமயத்தில் அடுத்த வரிசையில் இருந்த கிராணி ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து மனிதர். ரயில்வே ஆபீஸில் எழுத்து வேலை. வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து இங்கிலீஷ் பேப்பரை வாசித்து எங்களுக்குத் தமிழில் சொல்வார். அந்த வாரம் முழுக்கத் துரைசானிதான். அவள் படம், துரை படம், வீட்டுப் படம், நாயின் படம். காட்டில் எந்தப் பக்கம் நடந்தாள், என்ன கவுன் போட்டிருந்தாள், சீனன் கொங்சியில் என்ன சாப்பிட்டாள், சீமையில் அவள் அப்பா என்ன வேலை என்று ஒவ்வொரு நாளும் ஒன்று. லயத்துப் பெண்களுக்கு அவள் வீட்டு வேலைக்காரியைவிட அவளைப் பற்றி அதிகம் தெரிந்திருந்தது. எனக்கும் அவள் மேல் பாவமாகத்தான் இருந்தது. மூன்று நாள் அட்டைக் காட்டில் ஒரு கால் செருப்போடு நடந்தவள் இல்லையா?

அக்கா வராத அந்த முதல் ஞாயிறே நான் போய் அவர் முன்னால் நின்றேன்.

"என்ன பிள்ளை, இந்த வயித்தோடை வந்து நிக்கிறாய்? இரு, இரு."

"ஐயா, எங்க அக்காவைப் பத்தி அதுல ஏதாச்சும் போட்டிருக்கா?"

அவர் உடனே இல்லை என்று சொல்லவில்லை. எட்டுப் பக்கத்தையும் எனக்காகப் புரட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. நான் எழுதிப் போடுறன். நல்ல விபரமாச் சொல்லு."

சொன்னேன். அக்காவின் பேரை மட்டும் வீட்டுக்காரர் சொன்னார். கிராணி ஐயா இரண்டு பக்கம் எழுதினார். எனக்காகத் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டினார். தேள், புருவம், நடை எல்லாம் இருந்தது. லயத்தில் எத்தனை பிள்ளைகளை அவள் கை வாங்கியிருக்கிறது என்றுகூட எழுதியிருந்தார். இதைப் படித்தால் கவர்னரே ஆள் அனுப்பித் தேடுவார் என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

திங்கள், செவ்வாய், புதன். தினமும் போய் நிற்பேன். அவர் தலையை ஆட்டுவார்.

வியாழக்கிழமை எங்கள் வீட்டு முறை வந்தது. வேலையில் அடிபட்டு எந்தக் கேங்கு ஆள் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் படுத்தாலும், பக்கத்தில் இருக்கிற எங்கள் லயத்திலிருந்து வீட்டுக்கு ஒரு நாள் என்று கஞ்சி போகும். அன்றைக்குக் கால் ஒடிந்தவனுக்கு நான் கொடுத்தனுப்ப வேண்டும். எழுந்திருக்கவே மனசில்லை. பக்கத்து வீட்டக்கா, "நீ கிட, நான் வச்சுக் குடுக்கிறேன்" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் வீட்டு முறையை இன்னொருத்தி ஏன் செய்ய வேண்டும்? எழுந்து கஞ்சி காய்ச்சி, வெங்காயத் துவையல் அரைத்து, வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன்.

அந்த ஆளுக்கு அன்றுதான் காய்ச்சல் விட்டு நினைவு தெளிந்திருந்ததாம். கஞ்சியை வாங்கிக்கொண்டு, "நீங்க பிரிக்பீல்ட்ஸ் லயமாண்ணே?" என்று கேட்டானாம். ஆமாம் என்றதும் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டானாம்.

"அண்ணே, அங்க எட்டு மாசப் பொம்பள ஒருத்திக்கு நான் சேதி சொல்லணும்ணே. அவங்க அக்கா என் பெண்சாதிகிட்ட இருக்காங்க."

நடந்தது இதுதான். அந்தப் புதன்கிழமை பத்து தீகா ஸ்டேஷனில் ரயில் நின்றபோது, கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போக வந்த ஒரு பெண் வலி தாங்காமல் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் அவள் புருஷன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அப்புறம் அவளை ரயிலில் யார் உட்கார வைக்க முடியும்? இறங்கி, அந்தப் பெண்ணை அணைத்துக் கூட்டிக்கொண்டு அவர்கள் குடிசைக்குப் போனாள். சாயங்காலத்துக்குள் ஆண் பிள்ளை. அக்கா அவனிடம், "நாளைக் காலையில எல்லைக் கல்லுல சொல்லு தம்பி, பிரிக்பீல்ட்ஸ்ல என் தங்கச்சிக்கு. ரெண்டு நாள் பிந்தி வருவேன்னு" என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவன் கல்லை நோக்கி நடக்கும்போதே லோரி வந்து அவனையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அக்காவின் சேதி அவனோடு காட்டுக்குப் போய், அவனோடு பாறையில் விழுந்து, அவனோடு ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தது. அவன் கேங்கு ஆட்கள் தீட்டு வீட்டில் நின்று பேசாமல், வேலியோரம் அரிசியும் கருவாடும் வைத்துவிட்டுப் போனார்கள். யாரோ சொந்தக்காரி பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்தார்களாம். உள்ளே இருந்த இரண்டு பெண்களுக்கும் அவன் எங்கே போனான் என்றே தெரியாது. பச்சைக் குழந்தைக்காரியை அப்படி விட்டுவிட்டு அக்கா எப்படி வருவாள்?

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் போனார். இந்தத் தடவை வேப்பிலைக்கு நேராக நின்று கூப்பிட்டார். அக்கா உள்ளே இருந்தே கத்தினாளாம்.

"முந்தாநாள் வாசல்ல இருமினது நீயா தம்பி? பிள்ளைக்கு எண்ணெய் தேய்ச்சிக்கிட்டு இருந்தேன். இந்த இருமல் எங்கேயோ கேட்ட இருமலா இருக்கேன்னு நினைச்சேன். வெளிய வந்து பாக்கிறதுக்குள்ள ஓடிட்டே. நல்ல ஆம்பிள லா நீ!"

"உங்க தங்கச்சி அழுது அழுது கண்ணு வீங்கிக் கிடக்கு."

"பதினோராம் நாள் தலைக்கு ஊத்தாம எப்படி வர்றது? போய்ச் சொல்லு, காலை நீட்டி உக்காரச் சொல்லு. அழுதா பிள்ளைக்கு மூச்சு முட்டும்னு சொல்லு."

அதே வெள்ளிக்கிழமைதான் கிராணி ஐயா பேப்பரோடு எங்கள் வாசலுக்கு வந்தார். நாங்கள் போய் நிற்பதுதான் வழக்கம், அவராக வந்ததில்லை. அக்கா கிடைத்த சேதியை நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஆனால் பேப்பரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"வந்திருக்கா ஐயா? காட்டுங்க."

கடைசிப் பக்கத்தில், கீழே, என் சுண்டு விரல் அகலத்துக்கு இரண்டு வரி. தேள் இல்லை, புருவம் இல்லை. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவில் ஒரு தமிழ்க் கூலிப் பெண்ணைக் காணவில்லை, அவ்வளவுதான். அக்கா யாருக்கும் கூலியாக இருந்தவள் இல்லை. பேர்கூட இல்லை.

"மேல தடியா என்னமோ போட்டிருக்கே, அது அவ பேரா?"

அவர் தொண்டையைச் செருமினார். "அது வேற விளம்பரம் பிள்ளை. துரைசானியின்ரை நாய் இன்னும் அம்பிடேல்லையாம். அதின்ரை பேர்."

வெள்ளை நாய், ஒரு காது பழுப்பு, கூப்பிட்டால் வரும், பாலும் பிஸ்கட்டும் சாப்பிடும் என்று மிச்சத்தையும் வாசித்தார். நான் அந்தத் தடித்த எழுத்து இருந்த இடத்தை மட்டும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். அந்த நாய் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. கிடைத்திருந்தால் பேப்பரில் வந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். தனியாக இல்லை. கைக்குழந்தையோடு அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு, சுக்கு மூட்டை இல்லாமல். "புருஷன் நடக்கிற வரைக்கும் இது நம்ம வீட்டுலதான்" என்று சொல்லிவிட்டு, என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "திரும்பியிருக்கு" என்றாள். இத்தனை நாள் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவள் தோளில் மூக்கைத் துடைத்தேன். "சேலையைப் பாழாக்காதடி" என்றாள், ஆனால் தோளை நகர்த்தவில்லை.

பேப்பர் விஷயத்தைப் பக்கத்து வீட்டக்கா உளறிவிட்டாள். அவ்வளவுதான், அக்கா நேரே கிராணி ஐயா வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"என்னைப் பத்தி இங்கிலீஷ் பேப்பர்ல போட்டிருக்காமே! எங்க, காட்டுங்க."

அவர் அந்த இரண்டு வரியைக் காட்டினார்.

"இம்புட்டுத்தானா? சரி, போகட்டும். எம் பேரு எங்க இருக்கு?"

கிராணி ஐயா என்னைப் பார்த்தார். நான் காலுக்குக் கீழே ஊர்ந்துகொண்டிருந்த எறும்பைப் பார்த்தேன். அவர் விரல் மெதுவாக மேலே போய், அந்தத் தடித்த எழுத்தின் மேல் நின்றது.

"இஞ்சை."

"அடியாத்தி! எவ்வளவு பெருசாப் போட்டிருக்கான்!"

அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொடுக்கச் சொல்லி வாங்கி, வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த மாசம் என் மகள் பிறந்தபோது, என்னை அதட்டிய அதட்டலுக்கு நடுவிலும், "பேப்பர்ல வந்த கைடி இது, பயப்படாத" என்றாள். மகள் தங்கினாள். அதற்கப்புறம் பிள்ளைப்பேறு பார்க்கப் போகிற இடமெல்லாம் பெட்டியைத் திறந்து அந்தத் துண்டைக் காட்டி, கட்டை விரலால் அந்தத் தடித்த எழுத்தைத் தடவி, "இதுதான் நான்" என்பாள். லயத்துப் பெண்களில் இங்கிலீஷ் தெரிந்தவள் ஒருத்தியும் இல்லை. தெரிந்த ஆண்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிராணி ஐயா யார் யாரிடம் சொல்லி வைத்தாரோ, எனக்குத் தெரியாது.

மகள் கன்னியாஸ்திரிகளிடம் படிக்கப் போய், எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் வாசிக்க ஆரம்பித்த வருஷம். ஒரு நாள் அக்கா வாசலில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள்.

"வாடி இங்க. உன் பெரியம்மா பேரை இங்கிலீஷ்ல வாசி பாப்போம்."

அவள் துண்டைக் கையில் வாங்கினாள். உதடு அசைய வாசித்தாள். திரும்ப ஒரு தடவை வாசித்தாள். புருவம் சுருங்கியது. "பெரியம்மா, இது..." என்று தொடங்கினாள்.

நான் பக்கத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்த மாதிரியே அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அவள் என்னைப் பார்த்தாள். அக்காவின் வெற்றிலைச் சிரிப்பைப் பார்த்தாள்.

"என்னடி, வாசிச்சியா?"

"வாசிச்சேன் பெரியம்மா" என்றாள் என் மகள். "ரொம்பப் பெருசாப் போட்டிருக்காங்க."